சிறுநீரக எபிதீலிய செல்களின் தடுப்புத் திறனைச் சவ்வூடுபரவல் மாற்றத்தின்போது அளப்பது எப்படி

இரண்டு பங்கு வளர்ப்பு மீடியத்துடன் ஒரு பங்கு தூய நீரைக் கலந்து, நான்கு நாட்கள் வளர்ந்த எம்.டி.சி.கே. II என்னும் சிறுநீரகச் செல் அடுக்கின் இரு பக்கமும் ஊற்றி மின்தடையை அளந்தால், வெற்று அளவைக் கழித்தபின் 60 ஓம் காட்டிய இன்செர்ட் (அடியில் வடிகட்டி பொருத்திய, செல்கள் வளரும் சிறு கோப்பை) ஏறத்தாழ 90 ஓம் காட்டும். நீர்த்த சூழலில் செல்களின் இடைவெளிகள் இறுகிவிட்டன என்று குறிப்பேட்டில் எழுதத் தோன்றும். செல்கள் எதுவுமே செய்யாமல் இருந்தாலும் அந்த 90 வரும். மின்னோட்டத்தைச் சுமந்து செல்லும் சோடியமும் குளோரைடும் மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்துவிட்டதால், கசிவுள்ள இத்தகைய அடுக்கின் மின்தடை ஒன்றரை மடங்கு ஏறுவது இயல்பான கணக்கு. எதிர்த்திசையிலும் இதே பிழை நேரும்: மீடியத்தில் 100 மில்லிமோலார் உப்பைக் கூடுதலாகச் சேர்த்துவிட்டு, மின்தடை இறங்கியதைக் கண்டு தடுப்பு உடைந்துவிட்டது என்று முடிவு கட்டுகிறோம். நான் இந்தத் துறையில் கற்கத் தொடங்கியபோது முதல் மூன்று மாதங்களை இப்படித்தான் இழந்தேன். உப்பின் செறிவையும், கரைந்துள்ள எல்லாத் துகள்களின் மொத்தச் செறிவான சவ்வூடுபரவல் செறிவையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தெடுப்பதே இந்தச் சோதனையின் உயிர்நாடி என்பதால், இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி கரைசல்களைப் பற்றியே பேசும்.

சிறுநீரகத்துக்கு இந்தக் கேள்வி ஏன் பொருந்துகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் இரத்தத்தின் சவ்வூடுபரவல் செறிவு ஒரு கிலோ நீருக்கு 275 முதல் 295 மில்லிஆஸ்மோலுக்குள் கட்டுப்பட்டு நிற்கிறது. சிறுநீரோ, நிறையத் தண்ணீர் குடித்தவரிடம் 50 வரை நீர்த்துப்போகும். நெடுநேரம் தண்ணீர் இல்லாதவரிடம் 1,200 வரை செறிவடையும். ஆகவே சேகரிப்புக் குழலின் செல்கள், மேற்பக்கம் ஒரு செறிவும் அடிப்பக்கம் இன்னொரு செறிவுமாக, சில மணி நேரத்துக்குள் தலைகீழாக மாறக்கூடிய சூழலில் வாழ்கின்றன. செல்களுக்கு இடையே உள்ள இறுக்கச் சந்திகள் அந்த மாற்றத்தைத் தாங்க வேண்டும். தாங்காவிட்டால் சிறுநீரகம் உழைத்துச் சேர்த்த செறிவு வேறுபாடு பக்கவாட்டில் கசிந்து வீணாகும்.

இறுக்கச் சந்தியின் முதன்மைப் புரதங்களான கிளாடின்களை 1998இல் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் மிக்கியோ ஃபுருசேயும் ஷோய்ச்சிரோ ட்சுகிதாவும் கண்டறிந்தனர். பாலூட்டிகளில் இவை இருபதுக்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. சில வகைகள் அடைப்பாகவும் சில வகைகள் வாய்க்காலாகவும் பணிபுரிகின்றன. கிளாடின்-2 நேர்மின் அயனிகளையும் நீரையும் செல்களுக்கு இடையே கடக்கவிடும் வாய்க்கால். சிறுநீரகத்தின் அண்மைச் சுருள் குழலில் இது நிறைந்திருக்கிறது.

எந்தச் செல்லைத் தேர்ந்தெடுப்பது

மேடினும் டார்பியும் 1958இல் ஒரு காக்கர் ஸ்பானியல் நாயின் சிறுநீரகத்திலிருந்து பிரித்தெடுத்த எம்.டி.சி.கே. செல்களே இன்றும் இந்தத் துறையின் அடிப்படைக் கருவி. இவற்றில் இரண்டு வகைகள் புழக்கத்தில் இருப்பதைக் கவனிக்காமல் வாங்கிவிடக் கூடாது. முதல் வகையின் மின்தடை 1,000 ஓம் சதுர சென்டிமீட்டரைத் தாண்டும். இரண்டாம் வகையினுடையது பெரும்பாலும் 50 முதல் 200க்குள் நிற்கும். முக்கியக் காரணம் கிளாடின்-2. இரண்டாம் வகையில் அது உண்டு, முதல் வகையில் இல்லை. முதல் வகைச் செல்களுக்குள் அந்தப் புரதத்தின் மரபணுவைச் செலுத்தியதும் மின்தடை சரிந்ததை 2001இல் காட்டியபோது இது உறுதியானது.

அயனித் தெரிவு, அதாவது எந்த அயனி எளிதில் கடக்கிறது என்பது, எப்படி மாறுகிறது என்பது உங்கள் கேள்வியானால் இரண்டாம் வகையை எடுத்துக்கொள்ளுங்கள். சேகரிப்புக் குழலின் உட்பகுதியைப் பற்றியது கேள்வியானால், சுண்டெலியிலிருந்து பெறப்பட்ட எம்.ஐ.எம்.சி.டி.-3 செல்கள் பொருத்தமானவை. மிகையான செறிவைப் படிப்படியாகப் பழக்கினால் தாங்கிக்கொள்ளும் இயல்பு அவற்றுக்கு உண்டு. பன்றியிலிருந்து வந்த எல்.எல்.சி.-பி.கே.1 செல்கள், செல் சுருங்கும்போது உட்சட்டகத்தில் நேரும் மாற்றங்களைப் பார்க்க நன்கு ஆராயப்பட்டவை. ஒரே ஆய்வில் மூன்றையும் கலந்து ஓட்ட வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு வகையை முழுமையாக அறிந்த பின்னரே அடுத்ததற்குப் போவது நல்லது.

அடுக்கை வளர்த்தல்

0.4 மைக்ரோமீட்டர் துளைகள் கொண்ட, 12 மி.மீ. விட்டமுள்ள இன்செர்ட்டுகளைப் பயன்படுத்துங்கள். அவற்றின் வளர்ப்புப் பரப்பு 1.12 சதுர சென்டிமீட்டர், மேற்பக்கம் 0.5 மி.லி., அடிப்பக்கம் 1.5 மி.லி. திரவம் பிடிக்கும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு லட்சம் முதல் இரண்டு லட்சம் செல்கள் வரை தூவலாம். இரண்டாம் வகைச் செல்களில் மின்தடை முதல் ஓரிரு நாட்களில் உயர்ந்து ஓர் உச்சியைத் தொட்டுப் பின்னர் இறங்கி நிலைபெறும். அந்த உச்சியைக் கண்டு மயங்கி, இரண்டாம் நாளே சோதனையைத் தொடங்கிவிட்டால், நீங்கள் காணும் இறக்கம் சவ்வூடுபரவலால் வந்ததா, அடுக்கு முதிர்ந்ததால் வந்ததா என்று பிரிக்க இயலாது. ஆகவே நாள்தோறும் ஒரே நேரத்தில் அளந்து, அடுத்தடுத்த இரண்டு நாட்களின் அளவுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும்வரை, அதாவது வழக்கமாக நான்காம் அல்லது ஐந்தாம் நாள் வரை, காத்திருங்கள்.

திரவத்தை மாற்றும்போது அடிப்பக்கத் திரவத்தை முதலில் உறிஞ்சி எடுத்து, மேற்பக்கத் திரவத்தை அடுத்து எடுக்க வேண்டும். ஊற்றும்போது மேற்பக்கம் முதலில், அடிப்பக்கம் பிறகு. இந்த ஒழுங்கைத் தவறவிட்டால் அடியிலிருந்து எழும் நீரழுத்தம் செல் அடுக்கை வடிகட்டியிலிருந்து தூக்கிவிடக்கூடும். ஓரத்துக் குழிகளில் நீராவிப்பு கூடுதலாக இருக்கும், மேற்பக்கத்து 0.5 மி.லி.யில் இருபதில் ஒரு பங்கு ஆவியானாலே செறிவு 15 மில்லிஆஸ்மோல் ஏறிவிடும். நாம் ஆராய்வதே செறிவு மாற்றம் என்பதால் ஓரக் குழிகளில் வெறும் நீரை நிரப்பிவிட்டு நடுக் குழிகளை மட்டும் பயன்படுத்துங்கள்.

கரைசல்களைத் தயாரித்தல்

அயனிகளின் அளவை எல்லாக் கரைசல்களிலும் ஒன்றாக வைத்துக்கொண்டு, மின்னூட்டமற்ற மானிட்டாலை மட்டும் கூட்டிக் குறைப்பதே சரியான வழி. இதற்காக முதலில் உப்புக் குறைந்த ஓர் அடிப்படைக் கரைசல் தேவை. அதில் சோடியம் குளோரைடு 90, பொட்டாசியம் குளோரைடு 5, கால்சியம் குளோரைடு 1.5, மக்னீசியம் குளோரைடு 1, குளுக்கோஸ் 10, பி.எச். மதிப்பை நிலைநிறுத்தும் ஹெப்பிஸ் 10 மில்லிமோலார் இருக்கட்டும், பி.எச். மதிப்பைச் சோடியம் ஹைட்ராக்சைடு கொண்டு 37 டிகிரியில் 7.4க்குக் கொண்டுவாருங்கள். உப்பு நீரில் இரண்டு அயனிகளாகப் பிரிந்தாலும் அதன் பங்களிப்பு சரியாக இரண்டு மடங்கு ஆகாது, ஏறத்தாழ 1.86 மடங்கு என்று கொள்ள வேண்டும். அப்படிக் கணக்கிட்டால் இந்த அடிப்படைக் கரைசல் 205 மில்லிஆஸ்மோலை ஒட்டி அமையும். இதுவே உங்கள் குறைசெறிவுக் கரைசல்.

இதனுடன் லிட்டருக்கு 16.4 கிராம், அதாவது 90 மில்லிமோலார் மானிட்டால் சேர்த்தால் 295ஐ ஒட்டிய சமசெறிவுக் கரைசல் கிடைக்கும். லிட்டருக்கு 52.8 கிராம், அதாவது 290 மில்லிமோலார் சேர்த்தால் 500ஐ ஒட்டிய மிகைசெறிவுக் கரைசல் கிடைக்கும். மூன்றிலும் சோடியமும் குளோரைடும் ஒரே அளவு என்பதால், மின்தடையில் காணும் மாற்றத்தை இனி உப்பின் மீது ஏற்றிச் சொல்ல முடியாது. சமசெறிவுக் கரைசலிலேயே மின்தடை வளர்ப்பு மீடியத்தில் இருந்ததைவிடக் கூடுதலாகத் தெரியும். அதில் உப்பு குறைவு என்பதுதான் காரணம். அதைப் பொருட்படுத்தாமல் அந்த அளவையே தொடக்கப் புள்ளியாகக் கொள்ளுங்கள்.

கணக்கை மட்டும் நம்பிவிடாமல் ஒவ்வொரு கரைசலையும் ஆஸ்மோமீட்டரில் மூன்று முறை அளந்து சராசரியை எழுதுங்கள். உறைநிலைத் தாழ்வை அளக்கும் கருவி நம்பகமானது. ஒரு கிலோ நீரில் ஓர் ஆஸ்மோல் கரைந்தால் உறைநிலை 1.86 டிகிரி இறங்கும் என்பதால், 295 மில்லிஆஸ்மோல் கரைசல் பூச்சியத்துக்குக் கீழே 0.55 டிகிரியில் உறையும். மானிட்டால் மிகுந்த கரைசலில், மானிட்டாலே சற்று இடம் பிடித்துக்கொள்வதால், அளவு கணக்கைவிடச் சிறிது கூடுதலாக வருவது இயல்பு. இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: செறிந்த மானிட்டால் இருப்புக் கரைசலைக் குளிர்பெட்டியில் வைத்தால் அடியில் ஊசி ஊசியாகப் படிகங்கள் இறங்கும். மேலே தெளிந்து நிற்கும் திரவத்தைப் பைப்பெட்டில் எடுத்தால், சீட்டில் எழுதியிருக்கும் செறிவு அதில் இருக்காது. வெதுவெதுப்பான நீரில் வைத்துப் படிகங்கள் முற்றிலும் கரைந்த பின்னரே எடுங்கள்.

எந்தக் கரைபொருள் என்ற கேள்விக்கும் இங்கே பதில் தேவை. மானிட்டாலும் சுக்ரோசும் செல் சவ்வை எளிதில் கடப்பதில்லை, ஆகவே செல்லைச் சுருக்கும். யூரியா கடந்துவிடும், ஆஸ்மோமீட்டர் 500 என்று காட்டினாலும், சமநிலை எய்திய பின் செல்லின் பருமன் பெரிதும் மாறியிருக்காது. சிறுநீரகத்தின் உட்பகுதியான அகணியில் உப்பும் யூரியாவும் சேர்ந்தே குவிந்திருப்பதால், உடலின் நிலையை ஒத்திருக்க வேண்டுமென்று விரும்புவோர் இரண்டையும் கலப்பதுண்டு. அது நியாயமான விருப்பம்தான், ஆயினும் முதல் சோதனையாக அதைச் செய்யாதீர்கள். மானிட்டால் தருவது என்ன, அதே மில்லிஆஸ்மோலுக்கு யூரியா தருவது என்ன என்று தனித்தனியே பார்த்துவிட்டால், செல் சுருங்குவதால் நேர்வது எது, கரைபொருளின் தன்மையால் நேர்வது எது என்பது விளங்கிவிடும்.

மின்தடையை அளத்தல்

இரட்டைக் குச்சி மின்முனையின் குட்டைக் கால் இன்செர்ட்டுக்குள்ளும் நெட்டைக் கால் வெளியே குழிக்குள்ளும் இருக்க, கால்கள் வடிகட்டியைத் தொடாமல் நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். ஒவ்வோர் இன்செர்ட்டிலும் அதன் ஓரத்தில் உள்ள மூன்று திறப்புகளிலும் ஒருமுறை அளந்து சராசரி எடுங்கள். ஒரு கரைசலிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது மின்முனையை அடுத்த கரைசலிலேயே அலச வேண்டும்; நீரில் அலசினால் ஒட்டிக்கொண்டு வரும் துளிகள் செறிவைக் கெடுக்கும்.

செல் இல்லாத இன்செர்ட்டை ஒவ்வொரு கரைசலிலும் தனித்தனியே அளந்து கழிக்க வேண்டும். ஒரே வெற்று அளவை எல்லாவற்றுக்கும் கழிப்பது பரவலாகக் காணும் பிழை. செல்லுள்ள இன்செர்ட் 170, வெற்று இன்செர்ட் 110 என்றால் வேறுபாடு 60, அதை 1.12ஆல் பெருக்கினால் 67 ஓம் சதுர சென்டிமீட்டர். பரப்பால் வகுக்கக் கூடாது, பெருக்க வேண்டும்.

வெப்பநிலையை அலட்சியம் செய்யவே கூடாது. உப்புக் கரைசலின் மின்கடத்தல் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு வீதம் மாறுகிறது. இன்குபேட்டரிலிருந்து எடுத்த தட்டு மேசை மீது 25 டிகிரிக்கு ஆறினால், அந்தக் காரணத்தால் மட்டுமே மின்தடை கால் பங்குக்கு மேல் ஏறிவிடும். நாம் தேடும் விளைவே சில வேளைகளில் அந்த அளவுதான் இருக்கும். தட்டை 37 டிகிரியில் நிலைநிறுத்திய சூடேற்று மேடை மீது வைத்தே அளங்கள். ஹெப்பிஸ் கரைசலைத் தேர்ந்ததற்கு, அளவீடு இன்குபேட்டருக்கு வெளியே நடப்பதே காரணம்: பைகார்பனேட் மீடியம் இன்குபேட்டருக்கு வெளியே கார்பன் டை ஆக்சைடை இழந்து சில நிமிடங்களில் காரத்தன்மை அடைந்துவிடும்.

சமசெறிவுக் கரைசலில் அரை மணி நேரம் வைத்து, மூன்று அளவீடுகள் ஒத்து நின்ற பின்னரே கரைசலை மாற்றுங்கள். மாற்றிய பின் 2, 5, 10, 30, 60 நிமிடங்களில் அளந்து, ஒவ்வோர் இன்செர்ட்டையும் அதன் தொடக்க அளவோடு ஒப்பிட்டு விழுக்காடாக எழுதுங்கள். கூடவே சில இன்செர்ட்டுகளில் சமசெறிவுக் கரைசலையே புதிதாக மாற்றி ஊற்றி அளக்க வேண்டும். திரவத்தை மாற்றும் செயலே மின்தடையை அசைக்கும் என்பதை அந்த இன்செர்ட்டுகள்தான் காட்டிக்கொடுக்கும்.

எந்தப் பக்கம் மாற்றுவது

இரு பக்கமும் ஒருசேர மாற்றுவது செல்லின் பருமனை மாற்றும். ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது, பருமனோடு சேர்த்து, அடுக்கின் குறுக்கே நீரை ஓடவைக்கும் ஒரு சரிவையும் உண்டாக்கும். இரண்டும் வெவ்வேறு சோதனைகள். ஆகவே இரு பக்கமும் குறைசெறிவு, மேற்பக்கம் மட்டும் குறைசெறிவு, அடிப்பக்கம் மட்டும் குறைசெறிவு என்ற மூன்றையும் சமசெறிவோடு ஒப்பிடுங்கள், மிகைசெறிவுக்கும் அவ்வாறே.

இந்த ஒப்பீடு எவ்வளவு பயனுள்ளது என்பதற்கு 2016இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எம்.டி.சி.கே. II செல்களில் கண்டதைச் சொல்லலாம். மேற்பக்கத்தை மட்டும் குறைசெறிவாக்கியபோது, செல்களின் இடைவழி நேர்மின் அயனிகளைத் தெரிந்தெடுத்துக் கடத்தும் இயல்பு காலப்போக்கில் மெல்ல மெல்லக் குறைந்தது. செறிவுச் சரிவை நீக்கியதும் அந்த இயல்பு விரைந்து மீண்டது. செல்கள் சந்திக்கும் இடங்களில் சிறு கொப்புளங்கள் எழுந்தன. வளைந்து நெளிந்திருந்த செல் எல்லைகள் சற்று நேராயின. கிளாடின்-2 நீக்கப்பட்ட செல்களில் இவற்றில் எதுவும் நிகழவில்லை. மறைவது மெல்லவும் மீள்வது உடனேயும் நடக்கிறது என்ற அந்த வேறுபாடு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. புரதம் அழிந்து மீண்டும் உருவாகியிருந்தால் அவ்வளவு விரைவில் மீட்சி வந்திராது. வாய்க்கால்கள் அங்கேயே இருந்து, அவற்றின் நிலை மட்டும் மாறியிருக்க வேண்டும் என்றே நினைக்கத் தோன்றுகிறது. மின்தடையை மட்டும் அளந்திருந்தால் இந்தக் கதையின் பாதி தெரிந்திருக்காது.

அயனித் தெரிவை அளத்தல்

தெரிவை அளக்க நீர்ப்பு மின்னழுத்தம் என்னும் முறை உதவும். ஒரு பக்கத்தின் உப்பைப் பாதியாகக் குறைத்து, இரு பக்கத்துக்கும் இடையே எழும் மின்னழுத்தத்தை அளக்கிறோம். சோடியம் மட்டுமே கடக்கும் அடுக்கானால் 37 டிகிரியில் ஏறத்தாழ 18.5 மில்லிவோல்ட் எழும். சோடியமும் குளோரைடும் சமமாகக் கடந்தால் பூச்சியம். செல் அடுக்கை நடுவில் பிடித்து இரு பக்கமும் கரைசல் நிரப்பும் உஸ்ஸிங் அறையில் அளப்பது சிறந்தது. டென்மார்க்கின் ஹான்ஸ் உஸ்ஸிங் தவளைத் தோலின் சோடியக் கடத்தலை ஆராயப் பயன்படுத்திய அதே அமைப்பு இன்றும் பெரிதும் மாறாமல் தொடர்கிறது. மின்முனைகளைப் பொட்டாசியம் குளோரைடு நிரப்பிய அகர் பாலங்கள் வழியே இணைத்து, கரைசல்கள் சந்திக்கும் இடத்தில் எழும் சிறு மின்னழுத்தத்தை, செல் இல்லாத வடிகட்டியில் அளந்து கழிக்க வேண்டும்.

உப்பைப் பாதியாக்கும்போதும் சவ்வூடுபரவல் செறிவு மாறாமல் இருக்க வேண்டும். 90 மில்லிமோலார் உப்பை 45 ஆக்கினால் இழப்பது 45 மில்லிஆஸ்மோல் அன்று, 90ம் அன்று, ஏறத்தாழ 84. ஆகவே 84 மில்லிமோலார் மானிட்டால் ஈடு செய்ய வேண்டும். இந்த இடத்தில் தவறுபவர்கள், தெரிவை அளக்கும் செயலாலேயே ஒரு சவ்வூடுபரவல் சரிவைத் தெரியாமல் உண்டாக்கிவிடுகிறார்கள்.

கணக்கு எளிது. அளந்த மின்னழுத்தத்தை 61.5 மில்லிவோல்ட்டால் வகுத்து, பத்தின் அடுக்காக உயர்த்தி வரும் எண்ணை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். உப்பு இரு மடங்கு வேறுபடும்போது, அந்த எண்ணின் இரு மடங்கிலிருந்து ஒன்றைக் கழித்ததை, இரண்டிலிருந்து அந்த எண்ணைக் கழித்ததால் வகுத்தால், சோடியத்தின் ஊடுருவல் குளோரைடினுடையதைப் போல எத்தனை மடங்கு என்பது கிடைக்கும். எடுத்துக்காட்டாக 14.2 மில்லிவோல்ட் கிடைத்தால் அந்த எண் 1.7, 2.4ஐ 0.3ஆல் வகுக்க விடை 8. பகுதி மிகச் சிறியதாக இருப்பதால் மின்னழுத்தத்தில் ஒரு மில்லிவோல்ட் பிழை நேர்ந்தாலும் விடை பெரிதும் அலையும். மின்னழுத்தத்தையே வரைபடத்தில் காட்டிவிட்டு, விகிதத்தை அதனருகே குறிப்பிடுவதை நான் விரும்புகிறேன்.

பெரிய மூலக்கூறுகளின் கசிவு

அயனிகளின் வாய்க்கால் வேறு, பெரிய மூலக்கூறுகள் நழுவும் கசிவு வழி வேறு. இரண்டாவதை அறிய, 4 கிலோடால்டன் எடையுள்ள, ஒளிரும் ஃபுளூரசீன் சாயம் ஒட்டிய டெக்ஸ்ட்ரான் என்னும் சர்க்கரைச் சங்கிலியை மேற்பக்கத்தில் மி.லி.க்கு 1 மில்லிகிராம் சேர்த்து, அடிப்பக்கத்தில் அரை மணிக்கு ஒருமுறை மாதிரி எடுங்கள். இந்த அளவு டெக்ஸ்ட்ரான் கால் மில்லிஆஸ்மோல்தான் சேர்க்கும் என்பதால் செறிவைக் கெடுக்காது. எடுத்த மாதிரிக்கு ஈடாக அதே செறிவுள்ள கரைசலைத் திருப்பி ஊற்ற வேண்டும். ஃபுளூரசீன் சாயத்தின் ஒளிர்வு பி.எச். மதிப்பைப் பொறுத்தது ஆகையால், அளவுக்கோட்டை அந்தந்தக் கரைசலிலேயே வரைந்துகொள்ளுங்கள். ஒரு நொடியில் கடந்த அளவை, பரப்பையும் மேற்பக்கச் செறிவையும் பெருக்கி வந்த தொகையால் வகுத்தால் ஊடுருவல் எண் கிடைக்கும்.

மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும்

முதல் ஒரு மணி நேரத்தில் காண்பது பெரும்பாலும் செல்லின் பருமனும் உட்சட்டகமும் செய்யும் வேலை. குறைசெறிவில் வீங்கிய செல், எல்.ஆர்.ஆர்.சி.8 புரதங்களால் ஆன குளோரைடு வாய்க்கால்களையும் பொட்டாசியம் வாய்க்கால்களையும் திறந்து, உப்பையும் அதன் பின்னே நீரையும் வெளியேற்றிப் பழைய பருமனுக்குத் திரும்ப முயலும். மிகைசெறிவில் சுருங்கிய செல்லில் ரோ என்னும் புரதம் தூண்டப்பட்டு, மயோசினின் இலகுச் சங்கிலிக்குப் பாஸ்பேட் ஏறி, சந்திகளை ஒட்டிய ஆக்டின் வளையம் இழுவை பெறுகிறது. மின்தடையின் மாற்றம் இந்த இழுவையால்தானா என்று அறிய, ரோ கைனேஸைத் தடுக்கும் ஒய்-27632 மருந்தை 10 மைக்ரோமோலார் அளவில் முன்கூட்டியே கொடுத்து அதே சோதனையைத் திரும்பச் செய்யலாம்.

ஒரு நாள் கடந்த பின் நிலைமை வேறு. 1999இல் அறியப்பட்ட என்.எஃப்.ஏ.டி.5 என்னும் மரபணு இயக்கி விழித்து, சார்பிட்டால், பீட்டெய்ன், மயோ இனாசிட்டால் போன்ற தீங்கற்ற கரைபொருள்களைச் செல்லுக்குள் சேர்க்கச் செய்கிறது. மிகைசெறிவு மீடியத்தில் எம்.டி.சி.கே. செல்களின் கிளாடின்-2 குறைவதும் இந்தக் கால அளவில்தான் தெரியும். ஆகவே நீண்ட சோதனையை உப்புக் கரைசலில் அன்றி, முழு வளர்ப்பு மீடியத்தில் மானிட்டால் சேர்த்து நடத்த வேண்டும். 300இலிருந்து 600க்கு மேல் உப்பால் ஒரே தாவலில் ஏற்றினால் பல செல்கள் ஒரு நாளுக்குள் இறந்துவிடும். அப்போது அளப்பது தடுப்புத் திறனை அன்று, பிணங்களுக்கு இடையே உள்ள ஓட்டைகளை. நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை ஏற்றுங்கள். எடுத்த மீடியத்தில், இறந்த செல்களிலிருந்து கசியும் எல்.டி.எச். நொதியை அளந்து, இறப்பு எவ்வளவு என்பதை ஒவ்வொரு முறையும் பதிவு செய்யுங்கள்.

பிளாஸ்டிக் தட்டில் இணையாக வளர்க்கும் செல்களையும் நுண்ணோக்கியில் பாருங்கள். எம்.டி.சி.கே. செல்கள் மேலிருந்து கீழாக உப்பையும் நீரையும் கடத்துவதால், அடுக்கு ஆங்காங்கே தட்டைவிட்டுக் கூடாரம்போல் எழுந்து நிற்கும். குவியத்தை மெல்லத் திருப்பினால், சுற்றியுள்ள செல்கள் மங்க, அந்தக் கூடாரத்தின் உச்சிச் செல்கள் மட்டும் கூர்மையாகத் தெரியும். அந்தக் கூடாரங்கள் நிற்பதே அடுக்கு கசியவில்லை என்பதன் அடையாளம். மேற்பக்கம் மிகைசெறிவுக் கரைசலை ஊற்றியதும் அவை அமுங்கினால் மட்டும் அதைக் கசிவு என்று கொள்ளாதீர்கள்; நீர் மேலே இழுக்கப்படுவதாலும் அவை அமுங்கும்.

செல்களை நிலைப்படுத்திச் சாயமிடுதல்

இங்கேதான் நல்ல சோதனைகள் கடைசி நிமிடத்தில் பாழாகின்றன. குறைசெறிவில் ஒரு மணி நேரம் வைத்த அடுக்கை, பழக்கத்தின் காரணமாக 285 மில்லிஆஸ்மோல் உள்ள பாஸ்பேட் உப்பு நீரில் இருமுறை அலசிவிட்டு நிலைப்படுத்தினால், நிமிடக்கணக்கில் மீளும் மாற்றங்கள் அந்த அலசலிலேயே மீண்டுவிடும். அலசும் கரைசலும் நிலைப்படுத்தியின் தாங்கல் கரைசலும் சோதனைக் கரைசலின் செறிவிலேயே இருக்க வேண்டும். ஃபார்மால்டிஹைடு சவ்வைக் கடந்துவிடும் பொருள் ஆகையால் அதன் பங்கைக் கணக்கில் சேர்க்காமல், தாங்கல் கரைசலின் செறிவை மட்டும் ஒப்பிடுங்கள். இறுக்கச் சந்திப் புரதங்களான இசட்.ஓ.-1, ஆக்லூடின், கிளாடின்-2 மூன்றையும் சாயமிட்டு, செல் எல்லைகள் நெளிந்தவையா நேரானவையா என்பதை ஒரே உயரத்தில் எடுத்த படங்களில் ஒப்பிடுங்கள்.

அளவீடுகளைச் சேர்த்து வாசித்தல்

மின்தடை மாறி, அயனித் தெரிவும் மாறி, டெக்ஸ்ட்ரான் கசிவு மாறாமல் இருந்தால், கிளாடின் வாய்க்கால்களைச் சந்தேகியுங்கள். மின்தடை இறங்கி, டெக்ஸ்ட்ரான் கசிவும் எல்.டி.எச். அளவும் ஏறினால் அடுக்கு சிதைந்திருக்கிறது. மேற்பக்கம் மிகைசெறிவாக்கிய சில நிமிடங்களிலேயே மின்தடை ஏறி, தெரிவு அசையாமல் நின்றால், செல்களுக்கு இடைப்பட்ட பக்கவாட்டு இடைவெளிகள் நீரிழந்து ஒடுங்கியிருக்க வாய்ப்பு உண்டு. இறுக்கச் சந்தியை அதற்குப் பொறுப்பாக்க வேண்டாம். ஒரே தட்டில் உள்ள நான்கு இன்செர்ட்டுகளை நான்கு தனிச் சோதனைகளாக எண்ணக் கூடாது. வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு முறை பிரித்து வளர்த்த செல்களில் குறைந்தது மூன்று முறை திரும்பச் செய்து, அந்த மூன்றையே எண்ணிக்கையாகக் கொள்ளுங்கள்.

ஒவ்வொரு சோதனையின் முடிவிலும், இன்செர்ட்டுகளில் பாதியையாவது நிலைப்படுத்தாமல் வைத்திருந்து, சமசெறிவுக் கரைசலுக்குத் திருப்பி, 2, 10, 30 நிமிடங்களில் மின்தடையையும் மின்னழுத்தத்தையும் மீண்டும் அளங்கள். பழைய அளவுக்கு எவ்வளவு திரும்பியது, எத்தனை நிமிடத்தில் திரும்பியது என்ற இரண்டு எண்களையும் மற்ற அளவீடுகளோடு அதே பக்கத்தில் எழுதி, அன்று ஆஸ்மோமீட்டர் காட்டிய செறிவையும் செல்கள் எத்தனையாவது முறை பிரிக்கப்பட்டவை என்பதையும் அருகே குறித்துவையுங்கள்.